புழு தழை தின்கிற சத்தம்

வேலங்கொட்டாயில், மாயவன் வீட்டுப் புழுக்கொட்டாயிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அது புழு தழை தின்கிற சத்தம்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பென்னாகரத்துக்குப் போகும் தார்ச்சாலையை ஒட்டி, கரட்டடியில் கிடக்கும் அந்த ஊரில் பாதிக்குப் பாதி வீடுகள் பட்டுப்புழு வளர்ப்பவை. கடைசிப் பருவத்துப் புழுக்கள் மல்பெரித் தழையை மேயும்போது ஓலைக்கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் ஓசை எழும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். கூடு கட்டுவதற்கு முன்பு புழுவுக்கு நான்கு முறை ஜுரம் வரும். ஜுரம் கண்ட புழு தழையைத் தொடாமல், தலையைத் தூக்கியபடி அசையாது கிடந்து தோலுரிக்கும். அந்த நாளில் கொட்டாய்க்குள் பல்லி நகர்வதுகூடக் கேட்கும் என்பதும் தெரியும். மாயவன் வீட்டுக் கொட்டாயில் தகரத்தை அறைகிற சத்தமும், ஒரு பெண்குரல் யாரையோ நீளமாகக் கூப்பிடுகிற சத்தமும் எழுவது சரியாக அந்த நாட்களில்தான். தழைக்கட்டோடு அவ்வழியே போகிறவர்கள், "மாயவன் வூட்டுப் புழு இன்னிக்கு நல்லா திங்குது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நடையைக் கூட்டுவார்கள். பேட்ச் முடிந்து, கொட்டாயைக் கழுவிச் சுண்ணாம்படித்துக் காலியாகப் போட்டிருக்கும் வாரங்களிலும் அதையேதான் சொன்னார்கள்.

காரிமங்கலத்துப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பூவிழிக்கு, வந்த வாரத்திலேயே அது கேட்டது. களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தாள். செல்லம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "புழு திங்குது. நீ கிண்டு, கட்டி தட்டிரும்" என்றாள். அன்றைக்குக் கொட்டாயிலிருந்த புழுக்கள் எறும்பைவிடச் சிறியவை. கேள்வி பூவிழியின் நாக்குவரை வந்தது. மாமியாரின் விரல்கள் முறத்தின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியைக் கண்டு அது திரும்பிப் போயிற்று.

பிறகு அவளே சோறு கொண்டுபோகிறவளானாள். ஹாலோ பிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக நீண்டு கிடக்கும் கொட்டாயின் கடைசியில், தழை கொட்டிவைக்கக் கட்டிய அறையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியாள் உள்ளே வந்தால் புழுவுக்கு நோய் வந்துவிடும் என்பதால் எந்தப் புழுக்கொட்டாயிலும் அந்நியர் நுழைவதில்லை; வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வீட்டாரே நுழைவார்கள். தொழிலின் அந்தக் கட்டுப்பாடு மாயவனுக்கு வேறொரு வசதியையும் செய்து கொடுத்திருந்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவள் காவேரி. மாயவனின் மூத்த மகள், பூவிழியின் கணவன் அர்ச்சுனனுக்கு அக்கா. ஓசூரில் ஒரு கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்த்தவள், ஒரு பொங்கலுக்கு வந்தபோது சுவரோடு பேச ஆரம்பித்திருந்தாள். கோயில்களுக்கு அழைத்துப் போனார்கள். எல்லை தாண்டிக் கன்னடச் சீமையில் மந்திரிக்கிறவரிடமும் போனார்கள். தருமபுரியில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் சில மாதங்கள் நன்றாகத் தூங்கினாள், சிரித்தாள், தண்ணீர் சேந்தினாள். சரியாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்து ஊரில் நடந்த கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் கார் கண்ணாடியைக் கல்லால் உடைத்தாள். அதற்குப் பின்புதான் தகரம். வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. "பின்னாடிக்கு சோறு போச்சா?" என்பார் மாயவன். "பின்னாடி இன்னிக்குத் தலைக்கு ஊத்துங்க" என்பான் அர்ச்சுனன். பெயர் இருந்தவள் ஒரு திசையாகிப் போயிருந்தாள்.

புழுக்கள் மேயும்போது காவேரி தகரத்தில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அமைதியாக இருப்பாள். அவை ஜுரத்தில் ஓய்ந்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "பூவு, எல்லாம் போயிடுச்சா? என்னய வுட்டுட்டுப் போயிடுச்சா?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் அடிக்கத் தொடங்கிவிடுவாள்.

அந்த மாசியில் கடைசிப் பெண் காவியாவுக்கு வரன் அமைந்தது. கொண்டுவந்தவள் அதே ஊர்ச் சாலம்மாள். மாப்பிள்ளை அவளுடைய தம்பி மகன், ஓசூரில் வேலை. "மூத்தது ஒண்ணு வெளியூர்ல இருக்குது" என்று தம்பி வீட்டில் சாலம்மாள் சொல்லியிருந்தாள். எத்தனையோ வருடங்களாக மாயவன் கொட்டாயைத் தாண்டிப் போகிறவள் அவள். அடுத்த திங்கட்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

நிச்சயத்துக்கான ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு வரும்போதுதான் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பூவிழி அந்தக் கூட்டத்தைக் கண்டாள். கழிப்பறைச் சுவரோரம் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாவாடை. சடை திரித்துப் புளியம்பழக் கொத்தாய்த் தொங்கும் தலை. அவள் முன்னால் பிளாஸ்டிக் வாளியும் கத்தரிக்கோலுமாக முட்டி போட்டிருந்தவளைப் பூவிழிக்குக் கேள்வியில் தெரியும். பைத்தியங்களுக்குப் பேன் பார்க்கிற ரோசம்மாள். மதம் மாற்றுகிறாள் என்று ஒரு சாரார் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமையில் கோயிலுக்கு வராமல் இவர்களோடு திரிகிறாள் என்று அவளுடைய சபைக்காரர்களே குறை சொன்னார்கள்.

"ராணியம்மா, கிரீடத்தக் கொஞ்சம் எறக்கலாங்களா? வெயிலு கொளுத்துது" என்றாள் ரோசம்மாள். அந்தப் பெண் தலையை இழுத்துக்கொண்டாள். "சரி, வேணாம். நீயே எப்பத் தோணுதோ சொல்லு. எனக்கென்ன, கலெக்டர் ஆபீஸ்லயா வேல கெடக்குது?"

வேடிக்கை பார்த்த ஒருவன், "ஏங்க, இவங்களையும் உங்க மதத்துல சேத்துடுவீங்களா?" என்றான்.

"மதம் மாத்தறதுக்கு முன்ன பொடவ மாத்தணும் சாமி. உங்க வூட்டுல பழசு ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க." அவன் நகர்ந்துவிட்டான். ரோசம்மாளின் பார்வை பூவிழிமேல் விழுந்தது. "ஏ பொண்ணு, நின்னு பாக்கறதுக்கு இது என்ன ரெக்கார்டு டான்ஸா? டீக்கடையில சுடுதண்ணி சொல்லியிருக்கறன், வாங்கியா."

"எனக்கு பஸ்ஸு வந்துருங்க."

"வரட்டும். அது போனா இன்னொண்ணு வரும். இவ தலையக் குடுக்கற நேரம் மறுபடி வராது."

பூவிழி போய் வாங்கி வந்தாள். ஏன் போனாள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை. தண்ணீரை ஊற்றினாள், கத்தரித்த சடை விழ விழ அள்ளிப் பையில் போட்டாள், மருந்துக்கடைப் பேன் மருந்தை ரோசம்மாள் தேய்க்கும்போது கழுத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். வேலை முடியும்வரை ரோசம்மாள் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். "உம் பேரென்ன கண்ணு? பேரு இருக்குமில்ல? உங்க அம்மா உன்ன என்னான்னு கூப்புடும்?" பதிலே வரவில்லை. ஈரத்தலையோடு எழுந்து நின்றபோது அந்தப் பெண், யாரையும் பார்க்காமல், "ஜெயம்மா" என்றாள். ரோசம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குத்தாட்டம்போலக் கையை ஆட்டி, "டீ மாஸ்டர், எங்க ஜெயம்மாவுக்கு ஒரு டீ! சக்கர தூக்கலா!" என்று கத்தினாள்.

பேருந்தில் பூவிழிக்கு உட்கார முடியவில்லை. காலியிருக்கை இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். வீட்டுக்கு வந்து கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்தாள். புழுக்கள் நாலாம் ஜுரம் தாண்டி அசுரப் பசியில் இருந்த நேரம். வழக்கம்போல முந்தானையை மடியாகக் கட்டி, தழையை அதில் அள்ளி அள்ளி, தகரத்தை ஒட்டியிருந்த முதல் அடுக்கில் பரப்பினாள். மற்ற அடுக்குகளுக்குச் செல்லம்மாள் போட்டாள்.

மறுநாள் காலை, மேய்கிற ஓசை கொட்டாயில் இருக்கும்போதே காவேரி தகரத்தை அறைந்தாள். சோறு கலந்துகொண்டிருந்த பூவிழி ஓடினாள். "பூவு, இந்தப் பக்கத்துது திங்கல. இந்தப் பக்கத்துது திங்கல" என்று அவள் தகரத்தின் ஒரு மூலையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். முதல் அடுக்கில் புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகக் கக்கியிருந்தன. பாதி சுருங்கிக் கறுத்திருந்தன.

மாயவன் ஒரு புழுவை எடுத்து முகர்ந்தார். பிறகு தழையை முகர்ந்தார். கடைசியில் மருமகளின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தழைய எதுல அள்ளிப் போட்ட?"

"முந்தானையில, மாமா."

"அதுல என்ன வாசன?"

"பேன் மருந்துங்க."

"யாரு தலைக்கு?"

அவளால் பொய் சொல்ல முடிந்திருக்கும். தன் தலைக்கு என்றால் போதும். "பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளைக்கு. ரோசம்மாக்கா தேய்ச்சாங்க. நான் துடைச்சு வுட்டேன்."

"எந்த ரோசம்மா? அந்தப் பைத்தியக்கார ஹோம் வச்சிருக்கறவளா?" என்று அர்ச்சுனன் பாய்ந்து வந்தான். "உன்ன எதுக்கு அனுப்பிச்சோம்? ரவிக்க தைக்கக் குடுக்கவா, ஊருக்கு உபகாரம் பண்ணவா?"

"கை கழுவினேங்க..."

"பொடவைய யாரு கழுவுவா?" என்றார் மாயவன். அவர் கத்தவில்லை. பூச்சிமருந்து அடித்த பக்கத்து வயல் காற்று பட்டாலே சாகிற புழு என்பது அவளுக்கும் தெரியும். தவறு தன்னுடையது என்று அவளுக்குச் சந்தேகமேயில்லை. இறந்தவற்றை அவரோடு சேர்ந்து வாரி, குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தாள். 

மத்தியானம் களியும் கீரைக்கடைசலும். மாயவனும் அர்ச்சுனனும் உட்கார்ந்திருந்தார்கள், செல்லம்மாள் பரிமாறினாள். பூவிழி வாசற்படியில் நின்றாள்.

"மாதேஷு வியாழக்கெழம சாயங்காலம் லோடு ஏத்தறான்" என்றான் அர்ச்சுனன். மாதேஷ் அவனுக்குப் பெரியப்பா மகன். வடக்கே தக்காளி கொண்டுபோகிற லாரி ஓட்டுகிறவன். "பேசிட்டன். பின்னாடி இருக்கறத ஏத்தி வுட்டுடலாம்."

களி உருண்டையைக் கீரையில் தோய்த்த மாயவன் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எங்க எறக்குவான்?"

"ரொம்ப தூரம்ப்பா. கோயில் இருக்கற ஊரா பாத்து எறக்கச் சொல்லியிருக்கறன். சோறு கெடைக்கும். யாராச்சும் ஹோம்ல சேத்துடுவாங்க."

"பாஷ தெரியாதுங்களே" என்றாள் பூவிழி.

"இப்ப மட்டும் எந்த பாஷ தெரியுது? திங்கக்கெழம பத்துப் பேரு வந்து உக்காருவாங்க. அந்நேரம் தகரத்த அடிச்சா? நேத்து வந்த மகராசி அடுக்கயே கொன்னுட்டா, இப்ப நாயம் பேச வந்துட்டா."

மாயவன் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு வயசாவுது. நானும் இவளும் போனப்பறம் யாரு பாக்கறது? காவியா பாப்பாளா? நீ பாப்பியா?" கடைசிக் கேள்வி பூவிழியிடம்தான்.   பதிலுக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவப் போனார்.

செல்லம்மாள் கேட்காமலே மகன் தட்டில் இன்னோர் உருண்டையை வைத்தாள். "போறப்ப பிஸ்கெட்டு வாங்கிக் குடுங்க" என்றாள். "கிரீம் வச்சது. அது புடிக்கும்."

அன்று மாலை தழை அறுக்கும்போது காவியா பேச்சை எடுத்தாள். மல்பெரித் தோட்டத்தில் இரண்டு பார் வரிசை இடைவெளியில் அவர்கள் குனிந்திருந்தார்கள். அரிவாள் தண்டில் படும் சத்தம் மாறி மாறிக் கேட்டது.

"அண்ணி, எங்கிட்ட பேசமாட்டீங்களா?"

"பேசாம என்ன?"

"அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நானா சொன்னேன் லாரியில ஏத்தச் சொல்லி? நிச்சயம் முடியற வரைக்கும் சத்தம் வராம இருந்தா போதும்னுதான் நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் பாத்துக்கலாமில்ல."

"நிச்சயம் முடிஞ்சா கல்யாணம் முடியட்டும்னு தோணும், காவியா. கல்யாணம் முடிஞ்சா கொழந்த பொறக்கட்டும்னு தோணும். நானே அப்படித்தான இருந்தேன். வந்த வாரத்துல கேக்கணும்னு நெனச்சேன், இன்னும் கேக்கல."

காவியா அரிவாளைத் தரையில் குத்தினாள். "உங்களுக்கென்ன? உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அக்காவுக்கு அப்படி ஆனப்ப நான் அஞ்சாவது படிச்சிட்டிருந்தேன். ஸ்கூல்ல எம்பக்கத்துல ஒருத்தியும் உக்காரல. ஒட்டிக்குமாம். உங்களுக்குத் தெரியுமா அது?" அவள் அழவில்லை. தழைக்கட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கட்டு சரிந்து கண்ணை மறைக்க, தட்டுத்தடுமாறிப் போனாள்.  அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

புதன்கிழமை, ரவிக்கையில் கை இறுக்கமாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் பூவிழி மறுபடியும் பென்னாகரம் போனாள். ஒகேனக்கல் சாலையில் விசாரித்தபோது, "பைத்திய வூடா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். ஓட்டு வீடு, முன்னால் தகரப் பந்தல். பந்தலில் நாலைந்து பெண்கள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மா உரித்ததையும் உரிக்காததையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் சலிக்காமல் மறுபடி எடுத்து உரித்தாள். வாசலில் நாற்காலி போட்டிருந்த ஒருத்தி பூவிழியைத் தடுத்து, "பாஸ்போர்ட்டு?" என்று கையை நீட்டினாள்.

"வுடு வனஜா, நம்ம நாட்டுக்காரிதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கையில் மாவோடு ரோசம்மாள் வெளியே வந்தாள். "அட, சுடுதண்ணிப் பொண்ணு! வா. மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? புருசன் அடிச்சானா?"

"இல்லீங்க." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். காவேரியின் பெயரைச் சொல்லும்போது குரல் இயல்பாகவே தணிந்தது. "நாளைக்குச் சாயங்காலம் ஏத்திருவாங்க. நீங்க காலையில ஆட்டோ எடுத்துட்டு வந்து கொல்லப் பக்கமா நின்னீங்கன்னா, யாருக்கும் தெரியாம நான் கூட்டியாந்து வுட்டுடறேன்."

ரோசம்மாள் மாவுக்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "மாட்டேன்" என்றாள்.

"ஏங்க?"

"அவங்க லாரியில ஏத்தறாங்க, நீ ஆட்டோவுல ஏத்தற. எறக்கற எடம் கொஞ்சம் பக்கம், அவ்வளவுதான். ரெண்டு பேரும் யாருக்கும் தெரியாமத்தான பண்றீங்க? கெழடு கட்டையக் கொண்டாந்து போடற குப்பக்குழியா நான் வச்சிருக்கறது?"

"அப்படிச் சொல்லலீங்க..."

"கேளு. தெருவுல கெடக்கறவள நான் போலீசுல எழுதிக் குடுத்துக் கூட்டியாருவேன். ஆளு இருக்கறவள அவ ஆளுதான் கூட்டியாரணும். நேரா தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு வா, நான் ஓபியில நிக்கறேன். டாக்டரு கேப்பாரு, நீ யாரு இவளுக்குன்னு. சொல்லணும். ஊரு கேக்கும், சொல்லணும். மாத்திர குடுப்பாங்க, ஊசி போடுவாங்க. கொஞ்ச மாசம் இங்க வச்சிப் பாத்துக்கறேன். அப்பறம் நீ வந்து திரும்பக் கூட்டிட்டுப் போவணும். அதுக்குத்தான் கேக்கறேன். வருவியா?"

 மாயவனின் தள்ளி வைத்த தட்டு, காவியாவின் சரிந்த தழைக்கட்டு, அர்ச்சுனன் முகம் எல்லாம் ஒன்றாகப் பூவிழியின் எதிரே வந்து நின்றன.

"இப்ப சொல்லாத" என்றாள் ரோசம்மாள், குரல் இளகி. "இங்க வந்து சரி சரின்னு தலையாட்டிட்டு அப்பறம் போன் எடுக்காதவங்க நெறைய. அதுக்கு நீ வாய மூடிட்டு நிக்கறதே தேவல. சோறு தின்னுட்டுப் போ."

"உங்களுக்கு எப்பிடிங்க முடியுது?"

"என்ன எப்பிடி? எனக்கு வேற வேல தெரியாது. வனஜா, அந்தப் பொண்ணுக்குத் தட்டு எடு. பாஸ்போர்ட்டு அப்பறம் பாக்கலாம்."

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பூவிழியின் கை எதிலும் நிற்கவில்லை. பாலைப் பொங்கவிட்டாள். துடைத்த தரையையே மீண்டும் துடைத்தாள். மாயவன் மேட்டுக்காட்டுக்குத் தழைக்குப் போனார். அர்ச்சுனன் மாதேஷைப் பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அவள் கொட்டாய்க்குள் போனாள். மிச்சமிருந்த அடுக்குகளில் புழுக்கள் மழையாய் மேய்ந்துகொண்டிருந்தன. தகரக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள்.

"காவேரியக்கா, எந்திரிங்க. தலை சீவிக்கலாம்."

காவேரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது யாரு?"

"எது?"

"காவேரின்னு சொன்னியே."

பூவிழி சீப்பைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "நீங்கதான். திரும்புங்க, சிக்கு இருக்குது."

சீவி முடித்து, தன்னுடைய நீலப் புடவையைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து வெளியே நடத்தியபோது கொட்டாய் நடுவில் செல்லம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் தழைக்கூடை.

"எங்கடி?"

"தருமபுரிக்கு, அத்த. ஆஸ்பத்திரிக்கு."

"உம் புருசன் உன்னக் கொன்னே போடுவான்."

"சரிங்க."

செல்லம்மாள் மகளைப் பார்த்தாள். கட்டியிருந்த புடவையை, வகிட்டை, கழுத்தெலும்பைப் பார்த்தாள். வாய் கோணிற்று. பிறகு சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு அடுக்கில் தழையைப் பரப்பத் தொடங்கினாள். "இந்தப் புழுவுக்கு எவ்வளவு போட்டாலும் பத்தல" என்றாள், சுவரிடம். "கொல்லப்பக்கமா போனா ஏரிக்கரை. ஏரிக்கரை மேலயே போனா மெயின் ரோடு. ஒருத்தரும் வர மாட்டாங்க."

வாசலில் குழாயடியில் குடத்தோடு நின்ற காவியாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. "போங்க" என்றாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழம நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்கார்றது?" குடத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தண்ணீர் உருண்டோடி வந்து காவேரியின் வெறுங்காலை நனைத்தது. அவள் கூசிக் காலைத் தூக்கினாள். அதற்குள் காவியா திரும்பி வந்து, நிச்சயத்துக்கென்று வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருந்த செருப்பை எடுத்து எறிந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எறிந்ததால் ஒன்று கோழிக்கூண்டில் பட்டது. "வெறுங்காலோடயா கூட்டிட்டுப் போவீங்க? ரோடு என்னமா கொதிக்குது" என்றாள்.

கொல்லைப் பக்கத்துப் படல் திறந்திருந்தது. பூவிழி அந்தப் பக்கமே நடந்தாள். ஏரிக்கரை ஆளற்றுக் கிடந்தது. வேலிக்காத்தான் நிழல்கூட இருந்தது. பத்தடி போனதும் அவள் கால் தானாக நின்றது. காவேரியின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தன. "பூவு, கூட்டமா இருக்குமா?" என்று கேட்டாள் காவேரி.

"இருக்குங்க" என்றாள் பூவிழி. திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கினாள்.

தெருவில் பேச்சு நின்றது. புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுத்தியலைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினார்கள். யாரும் தலை நிமிரவில்லை. அவர்கள் கடந்த பிறகு நிமிர்ந்தார்கள் என்பதை முதுகு சொல்லிற்று. காவேரி ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று பார்த்தாள். "இங்க ஒரு கெணறு இருந்துச்சு" என்றாள் ஓரிடத்தில். அங்கே உண்மையிலேயே கிணறு இருந்தது, பூவிழி வருவதற்கு முன்.

நிறுத்தத்தில் கருப்பண்ணன் டீக்கடை. பெஞ்சில் நாலு பேர். வேப்பமரத்தடியில், மஞ்சப்பையும் கையுமாகத் தருமபுரிப் பேருந்துக்குக் காத்திருந்தவள் சாலம்மாள். நிச்சயத் தாம்பூலத்துக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டிருந்தாள். காவேரியைக் கண்ட கணத்தில் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் பழகிய முகம், உடனே சிரிப்பைக் கொண்டுவந்துவிட்டது.

"என்ன பூவிழி, இந்நேரத்துல? ஒறம்பரையா, சொந்தக்காரங்களா?"

கருப்பண்ணன் பாத்திரத்திலிருந்து கையெடுக்காமல் உதவிக்கு வந்தார். "உங்க காரிமங்கலத்து சைடுங்களாம்மா? பாத்தாலே தெரியுது."

பெஞ்சில் ஒருவர், "ஆமாமா, அந்தப் பக்கத்து மொகம்தான்" என்றார்.

அது மாயவனின் முகம். அதே நெற்றி, அதே தூக்கிய புருவம். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, அன்போடு, ஆளுக்கொரு கை கொடுத்துப் பூவிழியைத் தூக்கிவிடுகிறார்கள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையை அசைத்தால் போதும். நிச்சயம் நடக்கும், காவியா உட்காருவாள், சாலம்மாள் தன் தம்பியிடம் சொன்ன சொல் நிற்கும். வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது. சாலம்மாளின் கண்கள் கெஞ்சின. அவள் உதட்டை மட்டும் அசைத்து, "ஆமான்னு சொல்லிடு கண்ணு" என்றாள்.

 பூவிழி பேசியபோது குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. டீக்கடையைத் தாண்டி, புளி உடைக்கிறவர்கள்வரை போயிற்று.

"இல்லீங்க சாலாக்கா. இது எங்க வூட்டுக்காரரோட அக்கா, காவேரி. மாயவன் மக. இத்தன வருசமா எங்க புழுக்கொட்டாயில பூட்டி வச்சிருந்தோம். நீங்கல்லாம் கேட்ட சத்தம் இவங்க கத்தறதுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லானதும் இதே பஸ்ஸுல திரும்பக் கூட்டிட்டு வருவேன்."